போலீஸாருக்கு ஆன்லைனில் சைபர் பயிற்சி: 'சைட்ரெயின்' என்றால் என்ன?

ஓடிபி சொன்ன சில நிமிடங்களில் அக்கவுண்ட்டில் இருந்த பணம் மாயம். பதறிப்போய் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார் ஒருவர். புகாரைக் கேட்கும் போலீஸாருக்கு அடுத்து என்ன செய்யணும்னு தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்றுத்தரும் இணையதளம்தான் 'சைட்ரெயின்'.

யார் நடத்துகிறார்கள்?
மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம்.

என்ன படிக்கலாம்?
சைபர் குற்றப் புலனாய்வு, டிஜிட்டல் தடயவியல், கோர்ட்டில் வழக்கு நடத்துவது. முடித்தால் சான்றிதழ் உண்டு. எல்லாம் ஆன்லைன் என்பதால் வேலையை விட்டுவிட்டு வெளியூர் போகத் தேவையில்லை. நீதித்துறை அதிகாரிகளும் சேரலாம்.

இன்ஸ்பெக்டர் மட்டும் படித்தால் போதாதா?
போதாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-வது பிரிவுப்படி, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரிதான் விசாரிக்க முடியும். ஆனால், புகாருடன் வருபவரை முதலில் பார்ப்பது பெரும்பாலும் ஸ்டேஷனில் இருக்கும் காவலர்தான். 'நாளைக்கு வாங்க' என்று அவர் அனுப்பிவிட்டால், அதற்குள் பணம் பல அக்கவுண்ட்டுகள் மாறிவிடும். உடனே 1930-க்கு போன் போட வைத்தால், பணத்தை வங்கியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

மக்கள் செய்ய வேண்டியது?
ஸ்டேஷனுக்குப் போகும் வரை காத்திருக்காமல், முதலில் 1930-க்கு அழையுங்கள்.