விளம்பரமும் கூட்டு நிழற்படமும்

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய் என்பது தமிழ் மக்களிடையே வழங்கிவரும் முதுமொழி. 1839ஆம் ஆண்டில் நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, இம் முதுமொழியின் முதற்பகுதி இனிச் செல்லாது எனப் பலர் எண்ணினர். ஓவியன் தன் மனம் விரும்பியதைத் தீட்டுவான். கமராவோ ஒளி வரைந்ததை மட்டுமே காட்டும். அதற்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை என்பது அவர்கள் கருத்து. அந்த நம்பிக்கையே பிற்காலத்தில் வணிக விளம்பரத்துக்குப் பெரு முதலாயிற்று. ஆயினும், பல படங்களை ஒன்றாகக் கூட்டி, ஒருபோதும் நிகழாத காட்சியை நிகழ்ந்ததுபோற் காட்டும் முறை, கணினியிற் படம் அமைக்கும் வழக்கம் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு மேல் முன்னரே பிறந்துவிட்டது.

அம்முறை வஞ்சகத்திற் பிறந்ததன்று. கருவியின் குறைபாட்டிற் பிறந்தது. 1851ஆம் ஆண்டில் பிரடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு, நீல ஒளியை மிகுதியாகவும் பிற நிறங்களை மிகக் குறைவாகவும் ஏற்றது. ஆதலால், கடலும் நிலமும் தெளிவாக விழும்வரை காத்திருந்தால், வானம் முகிலின்றி வெறும் வெள்ளையாய்ப் போயிற்று. பிரான்சு தேசத்தவரான கஸ்ராவ் லெ கிறே இதற்கு ஒரு வழி கண்டார். கடலை ஒரு தகட்டிலும் முகில் நிறைந்த வானத்தை மற்றொரு தகட்டிலும் பதிவு செய்து, அடிவானக் கோட்டில் இரண்டையும் இணைத்து ஒரே தாளில் அச்சிட்டார். 1850களின் பிற்பகுதியில் வெளிவந்த அக் கடற்காட்சிகளைக் கண்டு பாரிசும் இலண்டனும் வியந்தன.

இரண்டு தகடுகளை இணைக்கலாமெனின், முப்பதை இணைத்தல் ஆகாதா? சுவீடனிற் பிறந்து இங்கிலாந்திற் குடியேறிய ஒஸ்கார் றெயிலாண்டர் இவ்வினாவுக்கு விடை தந்தார். 1857இல் மான்செஸ்ரர் நகரில் நடைபெற்ற கலைச் செல்வக் கண்காட்சியில், ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் அவருடைய பெரும் படம் வைக்கப்பட்டது. முதியவர் ஒருவர் இரு இளைஞரை உலகுக்கு அழைத்து வருகின்றார். ஒருவன் சூதையும் மதுவையும் நாடுகின்றான். மற்றவன் உழைப்பையும் இறைவழிபாட்டையும் நாடுகின்றான். இக் காட்சியிலுள்ள மாந்தரைத் தனித்தனியாகவும் சிறு குழுக்களாகவும் படம் பிடித்து, முப்பதுக்கு மேற்பட்ட நெகற்றிவ் தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டு, ஏறத்தாழ ஆறு வார உழைப்பில் அவர் அதனை முடித்தார். விக்ரோறியா மகாராணியார் அதன் பிரதியொன்றை வாங்கினார். ஆடையற்ற உருவங்கள் இருந்தமையால் அப் படத்துக்குக் கண்டனமும் எழுந்தது. ஆனால், ஒன்று கவனிக்கத்தக்கது. றெயிலாண்டர் தமது முறையை மறைக்கவில்லை. 1858இல் இலண்டன் நிழற்படச் சங்கத்தின் முன் அதனை விளக்கியும் உரைத்தார்.

அதே ஆண்டில் ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து தகடுகளை இணைத்து, நோயுற்று மரணத்தை நெருங்கும் இளம்பெண்ணொருத்தியைக் காட்டும் படத்தை வெளியிட்டார். ஓவியத்தில் அத்தகைய துயரத்தைப் பார்த்துப் பழகியவர்களே, இதனைக் கண்டு மனங் கலங்கினர். ஒருவரின் மரண வேதனையைக் கமராவின் முன் நிறுத்துவது தகுமோ என்று கடிந்துரைத்தனர். படத்திலிருந்த பெண்ணோ நோயாளியல்லள்; நடித்தவள். கூட்டப்பட்ட படமாயினும், நிழற்படம் என்ற ஒரே காரணத்தால் அதனை மெய்யென உள்ளம் ஏற்றுக்கொண்டது. இந்த உண்மையே இவ் வரலாறு முழுவதற்கும் திறவுகோல்.

அத் திறவுகோலைப் பணப்பெட்டியிற் பொருத்திப் பார்த்தவர்களும் இருந்தனர். அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர், இறந்தோரின் ஆவிகள் உயிருள்ளோரின் அருகே தோன்றும் படங்களை எடுத்து விற்றார். உள்நாட்டுப் போரில் மைந்தரை இழந்த குடும்பங்கள் பல இருந்த காலம் அது. கொலையுண்ட சனாதிபதி லிங்கனின் மனைவியாரும் அவரிடம் படம் எடுத்துக்கொண்டார். 1869இல் நியூயோர்க்கில் அவர்மீது மோசடி வழக்குத் தொடரப்பட்டது. ஆவிப் படம் செய்வது எத்துணை எளிது என்று பிறர் செய்துகாட்டினர்; எனினும் மம்லர் எவ்வாறு செய்தார் என்பதை மெய்ப்பிக்க இயலாமையால் அவர் விடுவிக்கப்பட்டார்.

முதல் உலகப் போரின் பின் பெர்லின் நகரக் கலைஞர்கள், பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டிப் புதிய கலை ஒன்றை உருவாக்கினர். பொறிகளைப் பூட்டுதலைக் குறிக்கும் சொல்லையே அதற்குப் பெயராக்கி, போட்டோ மொன்ராஜ் என அழைத்தனர். அவர்களுள் ஒருவரான யோன் ஹார்ட்பீல்ட், அம்முறையால் ஹிட்லரின் ஆட்சியைச் சாடி, 1933இல் நாட்டைவிட்டுத் தப்பியோட நேர்ந்தது. அங்கே வெட்டும் ஒட்டும் வெளிப்படையாகவே தெரிந்தன. பார்ப்பவரைச் சிந்திக்க வைப்பதே நோக்கம். 1930களில் ஹேர்பேட் மாற்றர் சுவிற்சர்லாந்தின் உல்லாசப் பயணத்துறைக்கு அமைத்த சுவரொட்டிகளில், பெரிய முகமும் சிறிய மலையும் ஒரே தாளில் அழகுறக் கூடின. கூட்டுப்படம் விளம்பரத்தின் வாயிலுட் புகுந்தது.

புகுந்தபின் அதன் இயல்பு மாறிற்று. விளம்பர நிலையங்கள் இணைப்புத் தெரியாத படத்தையே விரும்பின. கொடாக் நிறுவனத்தின் சாய மாற்று முறையில் அச்சிட்ட வண்ணப் படங்களைத் தேர்ந்த பணியாளர் கூரிய கத்தியால் வெட்டி, விளிம்பை மெலிதாக்கி ஒட்டி, காற்றுத் தூரிகையால் நிறம் தெளித்து, மீண்டும் படம் பிடித்தனர். நாட்கணக்கில் நீளும் வேலை; ஆதலின் செலவும் மிகுதி.

நுகர்வோனை ஏமாற்றுவதற்கு எல்லை எது என்ற வினா நீதிமன்றத்திலும் எழுந்தது. 1959இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு சவரக் களிம்பு விளம்பரம் வந்தது. உப்புத்தாளின்மேற் களிம்பைப் பூசியதும், சவரக் கத்தி அதன் மணலை வழித்தெடுத்தது. உண்மையில் அது உப்புத்தாளன்று. மணல் தூவிய பிளாஸ்ரிக் பலகை. மெய்யான உப்புத்தாளாயின் ஏறத்தாழ எண்பது நிமிடம் ஊறவேண்டும். 1965இல் அந் நாட்டின் உச்ச நீதிமன்றம், ஒரு பொருளின் ஆற்றலுக்குச் சான்றெனக் காட்டப்படும் காட்சி போலியாயிருந்து, அச் செய்தி மறைக்கப்படுமாயின் அது வஞ்சகமே எனத் தீர்ப்பளித்தது.

பின்னர்க் கணினி வந்தது. மிச்சிக்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் தோமஸ் நோலும், திரைப்பட விந்தைக் காட்சிகளில் பணியாற்றிய அவர் சகோதரர் யோன் நோலும் உருவாக்கிய போட்டோஷொப் என்ற மென்பொருளை, அடோபி நிறுவனம் 1990இல் வெளியிட்டது. படம் என்பது எண்களின் வரிசையாகிவிட்டால், அதனை வெட்டக் கத்தி வேண்டியதில்லை. 1994இல் வந்த மூன்றாம் பதிப்பு அடுக்குகளைத் தந்தது. கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாற்போல, ஒவ்வொரு பகுதியையும் பிறவற்றைக் கெடுக்காமல் நகர்த்தவும் மாற்றவும் முடிந்தது. றெயிலாண்டர் வாரக்கணக்கில் இருட்டறையிற் செய்தது, மேசைமேற் சில மணி நேரத்தில் முடிந்தது.

கருவி மாறினாலும் கலையின் விதி மாறவில்லை. கூட்டப்படும் பகுதிகள் யாவற்றிலும் ஒளி ஒரே திசையிலிருந்து விழவேண்டும்; நிழலின் நீளமும் மென்மையும் ஒத்திருக்கவேண்டும்; கமராவின் உயரமும் அடிவானமும் பொருந்தவேண்டும்; காலை ஒளியின் மஞ்சளும் நண்பகல் ஒளியின் வெண்மையும் முரணக்கூடாது. இவற்றுள் ஒன்று தவறினும், காரணம் கூற அறியாத பார்வையாளனும் ஏதோ பிழையென உணர்வான். ஆகவே, தேர்ந்த விளம்பரக் கலைஞன் கூட்டப்போகும் படத்தை முதலில் மனத்தில் வரைந்து, பின்னரே பகுதிகளைப் படம் பிடிக்கின்றான்.

பெருகிய வசதி பெரும் பொறுப்பையும் கொணர்ந்தது. 2011இல் பிரித்தானிய விளம்பர ஒழுங்கு அமைப்பு, இரண்டு முகப்பூச்சு விளம்பரங்களைத் தடை செய்தது. படத்திலுள்ள பொலிவு பூச்சினால் வந்ததா, கணினியினால் வந்ததா என்பதற்குப் போதிய சான்று தரப்படவில்லை. பிரான்சில் 2017 அக்டோபர் முதல், மாதிரிப் பெண்ணின் உடலைக் கணினியால் மெலிவித்தோ பெருப்பித்தோ காட்டும் வணிகப் படங்கள், திருத்தப்பட்ட படம் என்ற குறிப்பைத் தாங்கவேண்டுமென்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2022 யூலையில் நோர்வேயும் அவ்வழி சென்றது. இல்லாத உடலழகைக் கண்டு ஏங்கி, உண்ணாமல் வாடும் இளையோரின் நலமே இச் சட்டங்களின் பின்னணி.

கடலோடு வானத்தை இணைத்த லெ கிறே எவரையும் வஞ்சிக்கவில்லை. கமரா காட்டத் தவறியதைக் கண் கண்டவாறு காட்டினார். துயருற்றோர்க்கு ஆவியைக் காட்டி விற்றதோ வேறு வகை. இருவர் கையிலும் இருந்த வித்தை ஏறத்தாழ ஒன்றே. எனவே, படம் கூட்டப்பட்டதா என்பது மட்டும் வினாவன்று; அப் படம் பொருளைப் பற்றி உரைக்கும் செய்தி மெய்யா என்பதே வினா. அதனைப் படத்தைப் பார்த்து மட்டும் அறிதல் இயலாது. முதுமொழியின் முற்பகுதியைக் கமரா பொய்யாக்கவில்லை. அதன் பிற்பகுதியை, தீர விசாரித்தல் என்னும் கடமையை, முன்னிலும் இன்றியமையாததாக்கியிருக்கின்றது.