சுவான்சௌ: சீன ஆற்றுத் துறைமுகமும் தமிழ் வணிகர் தடமும்

முன்னுரை

கடல் கடந்த தமிழர் வரலாறு என்றதும் முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பே நம் வகுப்பறைகளில் முதலிடம் பெறுகிறது. படை செல்லாத இடங்களில் தமிழர் எவ்வாறு வாழ்ந்தனர் என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். இவ்வினாவுக்கு விடை கூறும் ஊர்களுள் ஒன்று தென்கிழக்குச் சீனாவின் சுவான்சௌ. இந்நகரின் நில அமைப்பையும் வரலாற்றையும் ஆராய்ந்து, அங்குத் தமிழ் வணிகர் பெற்றிருந்த இடம் எத்தகையது என்பதைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நில அமைப்பு

சுவான்சௌ ஃபூஜியன் மாநிலத்தில், தைவான் நீரிணையை நோக்கிய கடற்கரையை ஒட்டி அமைந்துள்ளது. நகரின் தென்புறம் ஜின் ஆறு ஓடுகிறது. வடகிழக்கில் லோயாங் ஆறு கடலொடு கலக்கிறது. இவ்விரு ஆறுகளும் சேரும் விரிகுடா, புயலிலிருந்து கப்பல்களைக் காக்கும் இயற்கைத் துறையாக அமைந்தது. வடக்கே சிங்யுவான் குன்று நகருக்கு அரணாக நிற்கிறது.

ஃபூஜியன் மலை மிகுந்த நாடு; விளைநிலம் குறைவு. ஆதலின் இம்மக்கள் கடலை நாடியது இயல்பே. உள்நாட்டு மலைப்பகுதியான தேகுவாவில் பீங்கானும், அன்சியில் இரும்பும் உருவாயின. இப்பொருள்கள் தரைவழியாகவும் ஆற்றுவழியாகவும் துறைமுகத்தை அடைந்தன. ஆக, மலையின் உற்பத்தியையும் கடலின் வணிகத்தையும் இணைக்கும் கண்ணியாக இந்நகர் விளங்கிற்று.

நகரின் வளர்ச்சி

கி.பி. 711ஆம் ஆண்டில், தாங் அரச மரபின் காலத்தில், இவ்வூருக்குச் சுவான்சௌ என்னும் பெயர் நிலைபெற்றது. பத்தாம் நூற்றாண்டில் இதனை ஆண்ட லியூ சொங்சியாவ் நகரை விரிவாக்கி, மதிலைச் சுற்றிச் சித்தொங் மரங்களை நடச் செய்தார். அம்மரப் பெயரே அரபு வணிகர் நாவில் 'ஸைத்தூன்' ஆயிற்று என்பர். சித்தொங் என்பது நம்மவர் கலியாண முருங்கை என வழங்கும் செந்நிறப் பூ மரமே என்பது ஈண்டு அறியத்தக்கது.

சோங் அரசு 1087ஆம் ஆண்டில் இங்குக் கடல் வணிக அலுவலகத்தை நிறுவியது. வரும் சரக்குகளைச் சோதித்து வரி கொள்வதும், அயல் வணிகரைக் கண்காணிப்பதும் அதன் பணிகள். அதற்கு முன்னரே, 1053 முதல் 1059 வரை, லோயாங் ஆற்றின் முகத்துவாரத்தில் கற்பாலம் ஒன்று கட்டப்பட்டது. அதன் அடித்தளக் கற்களை இறுகப் பிணைக்கச் சிப்பிகளை வளரவிட்டனர். 1151இல் நிறைவுற்ற அன்பிங் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுடையது. கடல் வணிகம் தந்த செல்வத்திற்கு இவை சான்றாகும்.

காற்றும் குடியிருப்பும்

கப்பல்கள் குளிர்காலத்தில் வடகிழக்குப் பருவக்காற்றைக் கொண்டு தெற்கே சென்றன. கோடையில் தென்மேற்குக் காற்றுடன் திரும்பின. ஜின் ஆற்றங்கரையிலுள்ள ஜியூரி குன்றில் சோங் அரசு அலுவலர்கள் காற்று வேண்டி வழிபாடு நிகழ்த்தியதைக் கூறும் பாறைக் கல்வெட்டுகள் இன்றும் உள்ளன. காற்று மாறும் வரை அயல் வணிகர் பல மாதங்கள் தங்க வேண்டியிருந்தது. தங்கியவர்க்கு மனையும், வழிபாட்டிடமும், இடுகாடும் தேவைப்பட்டன. இசுலாமியர் 1009ஆம் ஆண்டில் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அங்கு நிற்கிறது. இந்நகர் பல சமயங்களின் உறைவிடமானதற்கு அடிப்படைக் காரணம் பருவக்காற்றே என நாம் கருதுகிறோம்.

இந்தியரும் இங்குத் தங்கினர். இந்நகரின் கடல் வணிக அலுவலராக இருந்த சாவோ ருகுவா 1225இல் எழுதிய நூலில் சோழ நாட்டைப் பற்றித் தனியே குறிப்பிடுகிறார். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியத் துறவி ஒருவர் நகரின் தென்புறத்தில் பௌத்தக் கோயில் எழுப்பிய செய்தியையும் அவர் தருகிறார். சோழத் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோங் அரசவையை அடைந்தன.

1281ஆம் ஆண்டுக் கல்வெட்டு

1956ஆம் ஆண்டில் சுவான்சௌவில் தமிழும் சீனமும் பொறித்த கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம், அதாவது கி.பி. 1281 ஏப்ரல் என அது காலம் குறிக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் ஆணைப்படி, அக்கானின் உடல்நலம் வேண்டிச் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார் என்பது அதன் செய்தி. இறுதியில் சீன எழுத்தில் ஒரு வரி உள்ளது. இதில் சுட்டப்படும் கான் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானே என்பது அறிஞர் பலரின் கருத்து.

இக்கல்வெட்டின் காலம் கூர்ந்து நோக்கற்பாலது. கடல் வணிகத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த பூ ஷோகெங், 1276ஆம் ஆண்டில் சோங் அரசைக் கைவிட்டு மங்கோலியர் பக்கம் சேரத் தொடங்கினார். அக்குழப்பத்தில் நகரிலிருந்த சோங் அரச குலத்தார் பலர் கொல்லப்பட்டனர். 1279இல் சோங் ஆட்சி முற்றிலும் வீழ்ந்தது. அதன்பின் ஈராண்டிற்குள் தமிழ் வணிகர் புதிய அரசரின் நலம் வேண்டிக் கோயில் பணி செய்கின்றனர். இது வெற்றிப் பெருமிதம் அன்று. ஆட்சி மாறிய ஊரில் பாதுகாப்பை நாடிய குடிகளின் விண்ணப்பம் என்று கொள்வதே பொருந்தும். ஆணை அரசருடையது, இறைவன் வணிகருடையவன், கல்லில் மொழி இரண்டு. தமிழர் அங்குப் பெற்றிருந்த நிலையை இம்மூன்றும் ஒருங்கே காட்டுகின்றன.

சீனரும் தமிழகம் வந்தனர். சுவான்சௌவிலிருந்து கடற்பயணம் மேற்கொண்ட வாங் தாயுவான், 1267ஆம் ஆண்டுச் சீன எழுத்துகள் பொறித்த கோபுரம் ஒன்றை அயல்நாட்டில் கண்டதாக எழுதியுள்ளார். அது நாகப்பட்டினத்தில் 'சீனக் கோபுரம்' என வழங்கி, 1867இல் இடிக்கப்பட்ட கட்டடமாகலாம் என்பர். அவ்வாறாயின், இரு துறைமுகங்களும் பதினான்கு ஆண்டு இடைவெளியில் ஒன்றன் வழிபாட்டிற்கு மற்றொன்று இடமளித்துள்ளன.

சிதைவும் எச்சமும்

1357 முதல் 1366 வரை நகரில் நிகழ்ந்த படைக் கிளர்ச்சி அயல் வணிகரின் வாழ்வைக் குலைத்தது. அடுத்து வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்தைத் தடை செய்தது. ஆறு கொணர்ந்த வண்டலும் துறையைத் தூர்த்தது. நகரை வளர்த்த ஆறே அதன் தளர்ச்சிக்கும் ஒரு காரணமாயிற்று.

சிவன் கோயிலும் அழிந்தது. எனினும் அதன் கற்கள் அழியவில்லை. நகர மதிலிலும் பிற கட்டடங்களிலும் பதிக்கப்பட்டிருந்த இந்து சமயச் சிற்பங்களை, மதில் இடிக்கப்பட்ட காலத்தில் ஊ வென்லியாங் என்னும் அறிஞர் அரிதின் முயன்று திரட்டினார். 686ஆம் ஆண்டில் தோன்றிய காய்யுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத்தில் நரசிம்மர், கண்ணன் முதலிய உருவங்கள் செதுக்கிய இரு தூண்கள் இன்றும் கூரையைத் தாங்கி நிற்கின்றன. முன்புற மேடையில் எழுபதுக்கும் மேற்பட்ட சிங்கச் சிற்பப் பலகைகள் உள்ளன. சீனர் இவற்றை எறிந்துவிடாமல் தம் கோயிலுக்கு உரியனவாக்கிக் கொண்டனர்.

1974ஆம் ஆண்டில் ஹௌசு துறையில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. பதின்மூன்று அறைகள் கொண்ட அக்கலத்தில் நறுமண மரக்கட்டைகளும் மிளகும் இருந்தன. 2021இல் இந்நகரின் 22 இடங்கள் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன.

முடிவுரை

நம் வட்டாரத்திலும் இவ்வுறவின் தொடர்ச்சியைக் காணலாம். மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் ஹொக்கியன் சீனருள் பலரின் முன்னோர் சுவான்சௌ வட்டாரத்தினர். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் சாலையில் அவர்கள் 1842இல் கட்டி முடித்த தியான் ஹோக் கெங் கோயிலும், அதற்கு முன்னரே தமிழ் முசுலிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவும் அருகருகே நிற்கின்றன. நாகைக் கரையினரும் சுவான்சௌக் கரையினரும் மூன்றாம் கரையொன்றில் மீண்டும் அண்டை வீட்டாராயினர்.

வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் கடாரப் போரோடு இக்கல்வெட்டையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்பது நம் கருத்து. வாளின்றி வந்து, அயலாரின் ஆட்சியின்கீழ்த் தம் மொழியையும் சமயத்தையும் பேணி வாழ்ந்தவர்களும் நம் முன்னோரே. பல இனத்தாரிடையே வாழும் நம் மாணவர்க்கு அவர்களுடைய வாழ்வே மிக அண்மையில் உள்ளதாகும்.