சிறைக்கும் வாக்குப்பெட்டிக்கும் நடுவில்

தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம், நல்லகண்ணு பிறந்த ஊர். சுதந்திரம் கிடைச்சு ஆறு மாசத்துக்குள்ள காந்தி கொல்லப்பட்டார், ஆர்.எஸ்.எஸ். தடை செய்யப்பட்டது. அதே 1948இல் கம்யூனிஸ்ட் கட்சி கல்கத்தா மாநாட்டில் ஆயுதப் புரட்சிப் பாதையை எடுத்தது. நெல்லை சதி வழக்கில் நல்லகண்ணுவுக்கு ஆயுள் தண்டனை.

தடையும் சிறையும் மட்டும்தான் புதுக் குடியரசைக் காப்பாத்துச்சா? இல்லைன்னு தோணுது. ஆர்.எஸ்.எஸ். மீதான தடை 1949இல் நீங்கியது. 1951இல் கம்யூனிஸ்டுகள் தெலங்கானா ஆயுதப் போராட்டத்தைக் கைவிட்டார்கள். 1952 தேர்தலில் சென்னை மாநிலச் சட்டசபையில் 62 இடம் பிடித்தார்கள்; ஆளுங்கட்சியான காங்கிரசுக்கு 375இல் 152தான்.

1956இல் விடுதலையான நல்லகண்ணு பிறகு தேர்தல்களில் நின்றார், தோற்றார். 1999இல் கோவையில் பா.ஜ.க. வேட்பாளரிடம் தோற்றார். துப்பாக்கி பேசலை; ஓட்டுதான் பேசுச்சு. திரும்பி வர்றவங்களுக்குக் கதவு திறந்திருந்துச்சு. அதுதான் காப்பு.