ஒரு நாளின் பங்கீடு: இலங்கைத் தேசியத் தொலைக்காட்சியும் தமிழும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் அரசியற் சட்டங்களையும் தேர்தல் முடிவுகளையும் முதற்கண் நாடுவர். அது முறையே. ஆயினும், தேசிய ஒளிபரப்பு நிலையமொன்றின் ஒரு நாள் நிகழ்ச்சி நிரலும் அவற்றுக்குக் குறையாத வரலாற்றுச் சான்றாகும். வழிபாடு, சிறுவர் நிகழ்ச்சி, செய்தி, நாடகம், இசை, விளையாட்டு எனப் பலவகைப்பட்ட பகுதிகளால் அமைவது அந்நாள். எம்மொழிக்கு எப்பொழுது வழங்கப்பட்டது என்று நோக்குவார்க்கு, நாட்டை ஆள்வோர் தம் மக்களை எவ்வாறு வரிசைப்படுத்தினர் என்பது அதிலே புலனாகும்.

தொலைக்காட்சியின் கதை வானொலியிலிருந்தே தொடங்குகின்றது. 1925 டிசம்பர் 16ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹியூ கிளிபோர்டு கொழும்பு வானொலியைத் தொடக்கி வைத்தார். 1949இல் அது இலங்கை வானொலி என்னும் தனித் திணைக்களமாயிற்று; 1950இல் வர்த்தக சேவை பிறந்தது; 1967இல் நிலையம் கூட்டுத்தாபனமாயிற்று. இவ்வளர்ச்சியிலே தமிழ் தனக்கெனத் தனிச் சேவை பெற்றது. ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலை எழுதிய சோ. சிவபாதசுந்தரம், நாடகத் தயாரிப்பாளர் சானா முதலியோர் அச்சேவைக்கு இலக்கணம் வகுத்தனர். கடல் கடந்து தமிழ்நாட்டிலும் அவ்வொலிக்குக் காத்திருந்தோர் பலர். இங்கே கருதத்தக்கது ஒன்று: வானொலியிலே தமிழுக்கு ஒரு ‘நேரம்’ அன்று, ஒரு ‘நாள்’ வாய்த்திருந்தது. காலை வழிபாடு முதல் இரவு இசை வரை அந்நாள் தமிழிலேயே விடிந்து தமிழிலேயே அடங்கியது.

தொலைக்காட்சி இந்நிலையை மாற்றியது. 1979 ஏப்பிரல் 13இல் தனியார் முயற்சியாகத் தொடங்கிய சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவை, இரு மாதங்கள் நிரம்புமுன், யூன் 5இல் அரசுடைமையாயிற்று. பின்னர், 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கை ரூபவாகினிக் கூட்டுத்தாபனம் அமைந்தது. யப்பானிய அரசின் நன்கொடையாற் கட்டப்பெற்ற நிலையம், கொழும்பிலே வானொலி நிலையத்துக்கு அயலிலேயே எழுந்தது. நாட்டின் அதியுயர் சிகரமான பிதுருதலாகலை அதன் அலைகளைத் தொலைவிடங்களுக்கும் பரப்பிற்று.

வானொலியிலே மொழிக்கொரு சேவை இயன்றது. பெரும்பொருட் செலவை வேண்டிய தொலைக்காட்சியிலோ, ஓர் அலைவரிசையை மும்மொழிகளும் பகிர வேண்டியதாயிற்று. பகிர்வு என்று வந்தவிடத்தே முதன்மை எது என்னும் வினாவும் உடன் வந்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சிங்களத்தையும் தமிழையும் தேசிய மொழிகள் என்றது. ஆட்சிமொழி என்னும் தகுதியைச் சிங்களத்துக்கே அளித்தது. நிகழ்ச்சி நிரலும் அவ்வழியே சென்றது. குடும்பத்தார் அனைவரும் ஒருங்கிருக்கும் இரவு எட்டு மணி சிங்களச் செய்திக்கு உரியதாக நிலைபெற்றது. தமிழுக்கு வாய்த்தவை அதன் அயலிலே அமைந்த சிறு பகுதிகளே.

எனினும், அப்பங்கீட்டில் ஒரு நன்மையும் இருந்தது. ஒரே அலைவரிசை ஆதலின், ஒருவர் மொழி மற்றவர் இல்லத்துள் அழையாமலே புகுந்தது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரே ஒழுங்கையில் வாழ்ந்த தமிழரும் சிங்களரும் முஸ்லிம்களும் ஒரே திரையை நோக்கினர். வெசாக் நாளின் நிகழ்ச்சியும் தைப்பொங்கற் சிறப்பு நிகழ்ச்சியும் அதே பெட்டியில் வந்தன. அயலவரின் பண்டிகையை அறிய அயலவர் வீட்டுக்குச் செல்ல வேண்டுவதில்லை என்னும் நிலை சிறிதன்று.

ஆனால், 1983 யூலை இவ்வொருமையின் ஆழத்தை அளந்து காட்டிற்று. 24ஆம் நாள் இரவு கொழும்பிலே தொடங்கிய வன்செயலால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி ஏதிலிகளின் புகலிடமாயிற்று. 28ஆம் நாள் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா தொலைக்காட்சியில் மக்களுக்கு உரை நிகழ்த்தினார். பாதிக்கப்பட்ட தமிழருக்கு இரக்கச் சொல் ஒன்றேனும் அவ்வுரையில் இடம்பெறவில்லை. ‘தேசிய’ என்னும் அடைமொழியைச் சட்டம் வழங்கலாம். அதற்குப் பொருள் வழங்குவது இடுக்கண் வந்தவிடத்துத் திரையிலிருந்து வரும் சொல்லே. அன்று அச்சொல் வரவில்லை.

1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தார் உயர்ந்த அலைவாங்கிகளை நாட்டி, 1975இல் தொடங்கிய சென்னைத் தூரதர்சனை நாடியிருந்தனர். தம் மொழியில் ஒரு முழு மாலைப்பொழுதை விரும்பியோர் கடலுக்கப்பால் நோக்கியதில் வியப்பில்லை. 1990களில் தனியார் அலைவரிசைகள் தோன்றின. 1998இல் சக்தி, பின்னர் ரூபவாகினியின் நேத்ரா, 2009இல் சுயாதீனத் தொலைக்காட்சியின் வசந்தம் எனத் தமிழுக்குத் தனி அலைவரிசைகள் அமைந்தன. வானொலியில் இருந்த ‘தமிழ் நாள்’ தொலைக்காட்சியிலும் மீண்டது.

இம்மீட்சி மகிழ்தற்குரியது, ஆயினும் விலையின்றி வந்ததன்று. தனி வீடு கிடைத்தது. பொதுத் திண்ணை சுருங்கியது. தமிழ்ச் செய்தியைத் தமிழரும் சிங்களச் செய்தியைச் சிங்களருமே கேட்கும் வழக்கம் வலுப்பெற்றது. ஒரே நிகழ்வை இரு மொழிச் செய்திகள் இரு வேறு நிகழ்வுகளாக உரைப்பினும், ஒப்புநோக்குவார் அருகினர்.

2016 பெப்ரவரி 4ஆம் நாள், காலிமுகத்திடலில் நிகழ்ந்த சுதந்திர தின விழாவின் இறுதியிலே தேசிய கீதம் தமிழிலும் பாடப்பெற்றது. அந்நிகழ்வு தொலைக்காட்சி வழியே சிங்கள இல்லங்களையும் தமிழ் இல்லங்களையும் ஒரே கணத்திற் சென்றடைந்தது. அன்று கண்கலங்கியோர் பலர். தமிழ் அலைவரிசைகள் முழுநாளும் தமிழே வழங்கிய காலத்தில், இச்சில நிமிடங்கள் ஏன் அத்துணைப் பெரிதாயின? அவை பொதுத் திரையில், யாவரும் காண ஒலித்தமையாலேயே. 2020ஆம் ஆண்டு விழாவிலே கீதம் சிங்களத்தில் மட்டும் பாடப்பெற்றபோது எழுந்த மனக்குறைக்கும் அதுவே காரணம்.

ஆகவே, தமிழ் நிகழ்ச்சிகள் எத்தனை மணி நேரம் என்று எண்ணி அமைதல் போதாது. தனக்கெனத் தனி நாளும் வேண்டும். பிறரோடு பகிரும் பொது நாளில் மதிப்பான ஓரிடமும் வேண்டும். முன்னது மொழியை வளர்க்கும். பின்னது நாட்டை வளர்க்கும். இவ்விரண்டையும் ஒருங்கே வழங்கும் நிலையமே தேசியம் என்னும் பெயருக்கு உரியது.