காற்றுப் பிடித்த எஞ்சின்

லாரிக்காரர்கள் பேச்சில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: "வண்டி ஏர் பிடிச்சுடுச்சு!" கிராமத்தில் காத்துக் கருப்புப் பிடித்துவிட்டது என்கிறார்களே, அதே தொனியில்தான் சொல்வார்கள். விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான். நமக்குக் காற்று நின்றால் உயிர் போய்விடும். டீஸல் எஞ்சினுக்கோ, எண்ணெய் போகும் குழாயில் கொஞ்சம் காற்று புகுந்தால் போதும், உயிர் போய்விடும்.

இதில் உள்ள வேடிக்கை என்னவென்றால், அந்த எஞ்சினுக்கு முதன்முதலில் எண்ணெய் ஊட்டி வளர்த்ததே காற்றுதான். வளர்த்த தாய் எப்படி விரோதியானாள் என்பது சுவையான சரித்திரம்.

ருடால்ஃப் டீஸல் 1858-ல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். அவருடைய யோசனை எளிமையானது. உருளைக்குள் காற்றைப் பலமாக அமுக்கினால் அது நெருப்பாய்க் கொதிக்கும், அந்தச் சமயம் பார்த்து எண்ணெயை உள்ளே விட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும், தீப்பொறி வேண்டியதில்லை. 1893-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் முதல் சோதனை நடந்தது. எண்ணெய் பற்றிக்கொண்டது, ஆனால் அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. 1894 பிப்ரவரியில்தான் எஞ்சின் சொந்தக் காலில் நின்று ஓடியது, அதுவும் ஒரே ஒரு நிமிஷம். 1897 பிப்ரவரியில் பேராசிரியர் ஷ்ரோட்டர் அதைச் சோதித்தார். எண்ணெயில் உள்ள சக்தியில் 26 சதவிகிதத்துக்குச் சற்று மேல் வேலையாக மாறுகிறது என்று கணக்குக் காட்டினார். அன்றைய நீராவி எஞ்சின்கள் எட்டிப் பார்க்காத உயரம் அது.

நடுவே இருந்த நாலு வருஷமும் என்ன ஆயிற்று? பெரும்பாலும் ஒரே சங்கடம்தான். அமுக்கப்பட்ட காற்று உள்ளேயிருந்து முட்டித் தள்ளுகிறது. அதை எதிர்த்து எண்ணெயை உள்ளே விட வேண்டும். அளவாக விட வேண்டும். பனிப்புகை போலத் தூவியும் விட வேண்டும். அவ்வளவு நுட்பமான பம்பு செய்யும் கை அன்று உலகில் இல்லை. ஆகவே டீஸல் வேறு வழி பார்த்தார். உருளைக்குள் இருப்பதைவிட அழுத்தமான காற்றைத் தனியாகத் தயாரித்து, அந்தக் காற்றைக் கொண்டு எண்ணெயை ஊதிவிட்டார். காரியம் நடந்தது. ஆனால் அந்தக் காற்றைத் தயாரிக்க ஒரு கம்ப்ரெஸர் வேண்டும். அது எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கைத் தின்னும், இடத்தையும் அடைக்கும். தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் சரி. லாரிக்கு எப்படிச் சரிப்படும்? அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓட்டப் பந்தயத்துக்குப் போவது போல!

டீஸல் எஞ்சினைச் சாலையில் காணும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. 1913 செப்டம்பர் 29-ம் தேதி இரவு, இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலிருந்து மறைந்து போனார். கடன் அவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

காற்றின் தயவை விடுவித்தவர்கள் பின்னால் வந்தார்கள். பென்ஸ் கம்பெனியில் இருந்த ப்ராஸ்பர் லோராஞ்ஜ், பெரிய அறைக்கு முன்னால் சின்ன அறை ஒன்று வைத்து, முதலில் அங்கே எண்ணெயைக் கொளுத்தும் முறைக்கு 1909-ல் உரிமை பெற்றார். 1923-ல் பென்ஸ் டீஸல் லாரி புறப்பட்டது, 1924-ல் எம்.ஏ.என். கம்பெனி நேராகவே எண்ணெயைப் பீச்சும் லாரியைக் காட்டியது. இருந்தாலும், எல்லோருக்கும் கிடைக்கிற நம்பகமான பம்பு வேண்டுமே! ராபர்ட் பாஷ் 1922 கடைசியில் அந்தக் காரியத்தில் இறங்கினார். 1927-ல் பம்புகள் வரிசையாகத் தயாராகி வெளியே வந்தன. ஒரு பம்புக்கு ஐந்து வருஷமா என்று கேட்கத் தோன்றும். அதற்குள் இருக்கும் தண்டுக்கும் அது ஓடும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். தலைமயிர் ஒன்றை இருபது முப்பதாகப் பிளந்தால் கிடைக்கும் அளவு! இரண்டையும் சேர்த்தே தேய்த்து ஜோடியாக்குகிறார்கள். ஒரு ஜோடியின் தண்டை இன்னொரு ஜோடியின் குழலில் போட்டால் குடித்தனம் நடக்காது. லாரி எஞ்சினில் இந்தப் பம்பு ஒரு தடவைக்கு அனுப்புவது ஒரு துளி எண்ணெய். நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை அந்தத் துளியை அளந்து கொடுக்க வேண்டும்.

இங்கேதான் காற்று விரோதியாகிறது. எண்ணெயை அமுக்கினால் அது அநேகமாகச் சுருங்காது. அழுத்தம் சட்டென்று ஏறி நாஸிலைத் திறக்கும். நடுவே ஒரு குமிழி இருந்தால், பம்பு தள்ளுகிற தள்ளெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். நாஸில் வாய் திறக்காது.

பழைய பெட்ரோல் லாரிகளுக்கு டீஸல் எஞ்சின் பொருத்தலாம் என்ற எண்ணத்தோடு இங்கிலாந்தில் ஃபிராங்க் பெர்க்கின்ஸ் 1932-ல் கம்பெனி தொடங்கினார். 1937-ல் வந்த அவருடைய 'பி-6' எஞ்சின் பிரசித்தமானது. 1950-களில் சென்னை சிம்ப்ஸன் கம்பெனி அதை இங்கேயே தயாரித்தது. பம்புகளுக்காக 1951-ல் பெங்களூரில் 'மைகோ' தோன்றியது. எண்ணெய்ச் செலவு குறையும் என்ற ஆசையில் மனைவியின் நகையை விற்று எஞ்சின் மாற்றிய சொந்தக்காரர்கள் உண்டு.

அப்படி ஒருவருடைய வண்டியைப் பல வருஷங்களுக்கு முன்பு சேலத்துப் பட்டறை ஒன்றில் பார்த்தேன். சமதரையில் குதிரைபோல ஓடும். தொப்பூர் ஏற்றத்தில் இருமி நின்றுவிடும். ஏர் எடுத்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். நாஸில்கள் மாற்றியாயிற்று. பாவம், அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பம்பையே மாத்திடலாமா, மேஸ்திரி?"

"பொறுங்க தம்பி. பம்பு மேலே பழி போடறதுக்கு முன்னாலே அதுக்கு ஒழுங்கா எண்ணெய் வருதான்னு பாப்போம்."

மேஸ்திரி ஒரு டின்னில் டீஸலை ஊற்றி வண்டிக் கூரைமேல் வைத்தார். டாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, டின்னிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை இறக்கினார். ஃபில்டரிலும் பம்பிலும் உள்ள திருகைத் தளர்த்தி, நுரை அடங்கித் தெளிந்த எண்ணெய் வரும்வரை காத்திருந்து இறுக்கினார். சுமையோடு வண்டியை ஏற்றத்துக்கு அனுப்பினார். நிற்கவே இல்லை! ஆகவே பம்பு குற்றவாளியல்ல, எஞ்சினும் அல்ல. டாங்கிக்கும் பம்புக்கும் நடுவே எங்கோ திருட்டு வழி இருக்கிறது.

எஞ்சினை மாற்றியவர்கள் பெட்ரோல் காலத்துக் குழாயை மாற்றவில்லை. அதன் இணைப்பு ஒன்றில் வாஷர் தேய்ந்திருந்தது. வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அந்தக் குழாய் எண்ணெயை உறிஞ்சும் குழாய். அது ஒழுகாது, காற்றைக் குடிக்கும். ஏற்றத்தில் எஞ்சினுக்கு எண்ணெய் அதிகம் வேண்டும். உறிஞ்சும் வேகம் கூடும். காற்றும் கூடவே வரும். ஒரு செப்பு வாஷரோடு கதை முடிந்தது. பம்புக்குக் கொடுக்க இருந்த பணம் சொந்தக்காரரின் மடியிலேயே தங்கியது.

ஆக்ஸ்பர்கில் நடந்ததும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எஞ்சினின் யோசனை டீஸலுடையது. அதை ஓட வைத்தது, எது கெட்டிருக்கிறது என்று தேடுவதற்கு முன், எது கெடவில்லை என்று ஒவ்வொன்றாய் ஒதுக்கிக்கொண்டே போன பொறுமை. இன்றைய லாரிகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. எண்ணெயின் அழுத்தம் அன்றைக்குப் போலப் பல மடங்கு. இருந்தும் குழாயில் காற்றுப் புகுந்தால் நிற்கத்தான் செய்கின்றன. எஞ்சினுக்கு டீஸலின் பெயர் நிலைத்துவிட்டது. பழியை அவசரப்பட்டு யார் தலையிலும் கட்டாமல் தேடியவர்களுக்கோ சரித்திரத்தில் பெயர் இல்லை. ஆனால் சுமை ஊர் போய்ச் சேர்ந்ததெல்லாம் அவர்களால்தான்.