பூர்வகுடி கிராமங்களில் மருத்துவ முகாம், குடிநீர்ப் பணி: தன்னார்வலர்கள் புறப்படும் முன் அறிய வேண்டியவை

பள்ளி விடுமுறை நெருங்கினால் பூர்வகுடி கிராமங்களுக்கு மருத்துவ முகாமும் குடிநீர்ப் பணியும் ஏற்பாடு செய்யும் குழுக்களின் அழைப்புகள் வாட்சாப்பில் வரத் தொடங்கிவிடும். பல்கலைக்கழக மாணவர்கள், கோயில் இளைஞர் பிரிவினர், பொது இயக்கத்தினர் என நம்மவர்களும் அவற்றில் சேர்ந்து போகிறார்கள். போகும் மனம் நல்லதுதான். ஆனால், "200 பேருக்குச் சிகிச்சை, நான்கு குழாய்கள்" என்று முகாம் அன்று எழுதப்படும் கணக்கு பாதிக் கணக்கு. அந்த 200 பேரில் அடுத்த மாதமும் மருந்து கிடைத்தவர்கள் எத்தனை பேர், ஆறு மாதம் கழித்தும் தண்ணீர் வரும் குழாய்கள் எத்தனை என்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்கு எப்படித் தயாராவது என்பதையே இங்கே பார்க்கிறோம்.

முதலில் அனுமதி

தீபகற்ப மலேசியாவில் ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடியினர் சுமார் 2 லட்சம் பேர். நெகிரிட்டோ, செனோய், மூத்த மலாய் என மூன்று பெரும் பிரிவுகள், அவற்றுக்குள் 18 இனக்குழுக்கள். பேராக், பகாங் மலைகளில் செமாய், பேராக், கிளந்தான் எல்லையில் தெமியார், தெற்கே ஜக்குன், சிலாங்கூர், நெகிரி செம்பிலானில் தெமுவான் என ஒவ்வொரு குழுவுக்கும் தனி மொழியும் தனி வழக்கமும் உண்டு. எல்லாரையும் "அஸ்லிக்காரர்கள்" என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டு உள்ளே போகக் கூடாது.

கிராமத்துக்குள் முகாம் நடத்த ஜாக்கோவா எனப்படும் ஓராங் அஸ்லி மேம்பாட்டு இலாகாவின் அனுமதி வேண்டும். கிராமத் தலைவரான தோக் பாத்தினின் சம்மதம் அதற்கு இணையாக முக்கியம். மூன்றாவதாக மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். பல குழுக்கள் இந்த மூன்றாவதைத் தவிர்த்துவிடுகின்றன. சுகாதார அமைச்சின் நடமாடும் குழுக்கள் உட்புறக் கிராமங்களுக்கு ஏற்கெனவே போய் வருகின்றன. அவர்களைக் கேட்டால் எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி விடுபட்டது, யார் காசநோய் மருந்தில் இருக்கிறார், எந்தக் கிராமத்துக்கு ஆறு மாதமாக யாருமே போகவில்லை என்பது தெரியவரும். கேட்காமல் போனால், போன வாரம் அரசுக் குழு போன அதே கிராமத்துக்கு நீங்களும் போய் நிற்பீர்கள்.

மருத்துவர் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் நடப்பாண்டு தொழிற்சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். 1971ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் முகாமுக்கும் பொருந்தும். இலவசம் என்பதால் விலக்குக் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து வரும் மருத்துவரும் இங்கே தற்காலிகப் பதிவு பெற வேண்டும். மருத்துவ மாணவர்கள் இரத்த அழுத்தம் பார்க்கலாம், பதிவு எழுதலாம். தாமாக மருந்து எழுதித் தரக் கூடாது.

சொறியும் தண்ணீரும்

முகாமில் அதிகம் காணப்படும் நோய்களில் ஒன்றான சொறி சிரங்கையே எடுத்துக்கொள்வோம். தோலுக்குள் புகும் நுண்ணிய சிற்றுண்ணியால் வருவது இது. பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை தடவி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து, பிறகு குளிக்க வேண்டும். சுமார் ஒரு வாரத்தில் மறுபடியும் தடவ வேண்டும். அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் தடவ வேண்டும். துணியையும் பாயையும் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும்.

இப்போது முகாமை நினைத்துப் பாருங்கள். வரிசையில் வந்த பிள்ளைக்கு ஒரு டியூப் களிம்பு கொடுத்து அனுப்புகிறோம். வீட்டில் ஏழு பேர். குளிக்கவும் துவைக்கவும் தண்ணீர் எடுக்க ஆற்றுக்கு நடக்க வேண்டும். இரண்டாம் முறை தடவும் நாளில் நினைவூட்ட ஆளில்லை. சில வாரங்களில் அந்தப் பிள்ளை மறுபடியும் சொறியும். களிம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. குடும்பம் முழுவதற்கும் அளவு போட்டுக் கொடுத்து, வீட்டுக்கே போய்த் தடவிக் காட்டி, அடுத்த வாரத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்கிவிட்டு வந்தால் பலன் இருக்கும். மருத்துவப் பணியையும் குடிநீர்ப் பணியையும் ஏன் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு இந்த ஒரு நோயே போதும்.

குடற்புழு மாத்திரையும் அப்படித்தான். ஒரு வேளை மாத்திரை புழுவைக் கொன்றுவிடும். கழிப்பறை இல்லாத இடத்தில், வெறுங்காலோடு நடக்கும் மண்ணில், சில மாதங்களில் மீண்டும் தொற்றும்.

இரத்த அழுத்தத்துக்கு இரண்டு வார மாத்திரை கொடுத்துவிட்டு வருவது என் பார்வையில் பெரும்பாலும் வீண். அது ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டிய மருந்து. நோயாளியின் பெயர், அளவீடு, சந்தேகிக்கும் நோய் ஆகியவற்றை எழுதி அருகிலுள்ள கிளினிக் டேசாவுக்கோ மாவட்ட மருத்துவமனைக்கோ அனுப்பி, அங்கே போய்ச் சேர வாகனத்துக்கும் வழி செய்தால்தான் அது சிகிச்சை. 1950களில் தொடங்கப்பட்ட கோம்பாக் ஓராங் அஸ்லி மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. ஒரு தாளில் பரிந்துரை எழுதிக் கொடுப்பது ஒரு பெட்டி மாத்திரையைவிட உதவலாம்.

வயிற்றுப்போக்குக்குத் தரும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களில் அளவு மாறுபடும். எத்தனை மில்லிலிட்டர் தண்ணீர் என்பதை உறையில் படித்து, அந்த வீட்டுக் குவளையாலேயே அளந்து காட்டுங்கள். பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தேக்கரண்டி மட்டமாக ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு.

தண்ணீர் கீழே இறங்கிவரும் கணக்கு

மலைக் கிராமங்களுக்கு ஏற்றது ஈர்ப்பு விசைக் குழாய் முறை. பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். கிராமத்துக்கு மேலே, தோட்டமோ குடியிருப்போ இல்லாத ஓடையில் சிறு தடுப்பு கட்டி, வலை போட்ட வாயிலிருந்து பாலி பைப் வழியாகத் தண்ணீரை இறக்கித் தொட்டியில் சேர்ப்பார்கள். சுகாதார அமைச்சின் பக்காஸ் எனப்படும் கிராமப்புறக் குடிநீர், சுகாதாரத் திட்டமும் இந்த முறையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறது.

பைப் வாங்குவதற்கு முன் ஒரு வாளியும் கடிகாரமும் போதும். 10 லிட்டர் வாளி நிறைய 100 விநாடி ஆகிறதென்றால் ஒரு நாளைக்கு 8,640 லிட்டர். ஆளுக்கு 50 லிட்டர் என்று வைத்தால் 100 பேருக்கு 5,000 லிட்டர். போதும். அதே வாளி நிறைய 200 விநாடி ஆனால் 4,320 லிட்டர்தான், போதாது. இந்த அளவை மழை குறைந்த மாதத்தில் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் அளந்துவிட்டுப் போட்ட குழாய் வறட்சியில் காற்றைத்தான் தரும்.

அடுத்தது அழுத்தம். 10 மீட்டர் இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 பார். 80 மீட்டர் இறக்கம் என்றால் 8 பார். தரம் குறைந்த பைப்பும் இணைப்பும் பிடுங்கிக்கொண்டு போகும். இடையில் திறந்த சிறு தொட்டி ஒன்று வைத்தால் அழுத்தம் அங்கே தணிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பைப் மேடேறி இறங்கும் இடங்களில் காற்று அடைத்துக்கொள்ளும், அங்கே காற்றுப்போக்கி வால்வு வேண்டும்.

தோட்டப்புறத்தில் பம்ப் ஹவுஸ் பார்த்தவர்களுக்கும் பைப் வேலை தெரிந்தவர்களுக்கும் இதெல்லாம் பாடமே இல்லை. இப்படிப்பட்ட ஒருவர் ஐந்து பட்டதாரிகளுக்குச் சமம். டாக்டர் இல்லை என்பதால் நமக்கு அங்கே வேலையில்லை என்று ஒதுங்கி நிற்கும் அண்ணன்களும் மாமாக்களும் கவனிக்கவும்.

ஓடைத் தண்ணீர் கிராமத்துக்கு வந்துவிட்டது என்பதற்காக அது குடிநீராகிவிடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி 100 மில்லிலிட்டர் குடிநீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. காட்டு விலங்கு இறங்கும் ஓடையில் அதை எதிர்பார்க்க முடியாது. கொதிக்க வைப்பதுதான் எளிய வழி. குளோரின் சேர்த்தால் குழாய் வாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். அகல வாய்ப் பாத்திரத்தில் குவளையை விட்டு மொண்டால் சுத்தமான தண்ணீரும் கெட்டுவிடும். மூடியும் குழாயும் உள்ள டிரம் அதனால்தான்.

ஆழ்துளைக் கிணறு தோண்டும் திட்டம் என்றால் ஆய்வகச் சோதனை கட்டாயம். வங்காளதேசத்தில் நடந்தது எல்லாக் குழுக்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை. குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கைத் தடுக்க 1970களிலிருந்து யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் உதவியோடு அங்கே ஏராளமான குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. தண்ணீர் பளிங்குபோல இருந்தது. அதில் இயற்கையாகவே ஆர்செனிக் கலந்திருந்தது 1993இல்தான் உறுதியானது. கோடிக்கணக்கானோர் அந்த நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆர்செனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, கொதிக்க வைத்தாலும் போகாது.

திரும்பிய பிறகு யார்?

பழைய தோட்டத்து ஆஸ்பத்திரியை அறிந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். டாக்டர் எப்போதாவது வருவார். அன்றாடம் காயத்துக்குக் கட்டுப் போட்டதும், காய்ச்சலைக் கவனித்ததும், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் அங்கேயே குடியிருந்த டிரெஸ்ஸர். டாக்டரின் வருகைக்குப் பலன் கிடைத்ததே அவரால்தான். சரவாக்கில் 1973இல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை ஹெலிகாப்டரில் உட்புற நீண்டவீடுகளுக்குப் போகிறது. அங்கும் கிராமத்திலேயே ஒருவரைத் தேர்ந்து முதலுதவியும் அடிப்படைச் சுகாதாரமும் கற்றுத்தரும் முறை உண்டு.

குழாய்க்கும் அப்படி ஒரு டிரெஸ்ஸர் தேவை. கிராமத்தில் இருவரைத் தேர்ந்து (ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது, தண்ணீர் நின்றால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்) தடுப்பு கட்டும்போதே அவர்கள் கையில் ஸ்பேனரைக் கொடுக்க வேண்டும். அடைத்த இலையை எடுப்பது, கனமழைக்குப் பின் தொட்டியின் வண்டலைத் திறந்துவிடுவது, உடைந்த பைப்பை அறுத்து இணைப்பது ஆகிய மூன்றும் தெரிந்தால் பெரும்பாலான பழுதுகள் அங்கேயே தீரும். உதிரி இணைப்புகளையும் விட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்கு மாதம் 2 ரிங்கிட் சேர்ந்தால் 30 வீட்டுக்கு ஆண்டில் 720 ரிங்கிட். அதை வசூலிப்பதா, எப்படி என்பதைக் கிராமமே முடிவு செய்யட்டும். மேலே காடு வெட்டப்பட்டு ஓடை தே தாரிக் நிறத்துக்கு மாறினால் மட்டும் ஸ்பேனரால் ஒன்றும் ஆகாது. அது மாநில அரசிடம் பேச வேண்டிய விஷயம்.

மிட்டாய், மேகி, கேஸ் பானம் ஆகியவற்றைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோவதை நிறுத்தலாம். ஒரு பக்கம் பல் பிடுங்கும் வரிசை, மறுபக்கம் மிட்டாய் வரிசை என்பது வேடிக்கையாக இருக்கிறது. பிள்ளைகளின் முகத்தைப் பெற்றோரைக் கேட்காமல் முகநூலில் போடவும் வேண்டாம்.

உங்கள் உடம்பு

2019இல் கிளந்தான், குவா மூசாங் அருகே கோல கோ கிராமத்தில் பத்துக்கும் மேற்பட்ட பாத்தேக் இனத்தவர் அடுத்தடுத்து இறந்தனர். தண்ணீர் மாசுதான் காரணம் என்ற சந்தேகம் முதலில் எழுந்தது. அந்த ஜூன் மாதம் சுகாதார அமைச்சு அதைத் தட்டம்மை என்று உறுதிப்படுத்தியது. தடுப்பூசி முழுமையாகச் சென்று சேராத ஒரு சிறு சமூகத்தில் அந்த நோய் என்ன செய்யும் என்பதை நாடே பார்த்தது. ஆகவே இருமலோ காய்ச்சலோ இருந்தால் எவ்வளவு முன்பணம் கட்டியிருந்தாலும் போகாதீர்கள். தட்டம்மைத் தடுப்பூசி இரண்டும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். டெட்டனஸ், டைஃபாய்டு பற்றி உங்கள் மருத்துவரிடம் சில வாரங்களுக்கு முன்பே கேளுங்கள்.

காலில் புண் இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம். எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அந்த வழியாக வரும், அறிகுறி தெரிய 30 நாள்வரைகூட ஆகலாம். குரங்குகளிடமிருந்து கொசு மூலம் பரவும் நோலெசி மலேரியா நம் காடுகளில் இன்னும் இருக்கிறது. அதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகுவதால் நோயாளியின் நிலை விரைவில் மோசமாகலாம். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போய், எந்தக் காட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.