பாடியவர் பெயர்

டீஜே தாளம் சேர்ந்ததால் கரிசல் பாட்டு செத்துவிட்டது என்று நான் புலம்ப மாட்டேன். பருத்திக் காட்டில் களையெடுத்த பெண்களும் ஆளுக்கொரு வரி சேர்த்து, பாட்டை மாற்றிக்கொண்டேதான் இருந்தார்கள். மாற்றியது யாரென்று கூட நிரை பிடித்தவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெயர் அச்சிலேயே தொலையத் தொடங்கியது. 1964இல் நா. வானமாமலை பதிப்பித்த 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' பெருங்கொடை. கோவில்பட்டிக்குக் கிழக்கே விளாத்திகுளம் வட்டாரப் பாடல்களை அதற்குத் திரட்டித் தந்தவர் எஸ்.எஸ். போத்தையா. பெரும்பாலான பாடல்களின் அடியில் சேகரித்தவர் பெயரும் இடமும் உண்டு. பாடிய பெண்ணின் பெயர் பல இடங்களில் இல்லை.

2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்தார் அறிவு. அதே ஆண்டு, அப்பாட்டின் டீஜே ஸ்னேக் ரீமிக்ஸுக்கு நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் மின்னிய விளம்பரத்தில், எழுதிப் பாடிய அறிவே இல்லை. பேரனுக்கே இந்தக் கதி என்றால் பாட்டிகளுக்கு?

2012 பதிப்புரிமைத் திருத்தம், ஒலிப்பதிவு வணிகத்துக்குப் போனால் பாடியவருக்கும் ராயல்டி உண்டு என்கிறது. பெயரே பதியாத பெண் எதைக் காட்டிக் கேட்பாள்? எங்கள் குலவையை ஸ்பீக்கரில் அதிரவிடுங்கள். குலவையிட்டவள் யார், எந்த ஊர் என்றும் எழுதுங்கள்.